கோதண்டம் தூக்கிய பேட்டரி

கோதண்டம் தன் அறுபத்து மூன்று வயதுக்குள் ஒரே ஒரு சட்டம் இயற்றியிருந்தார். அது பதினான்கு மாதம் யாரையும் தொந்தரவு செய்யாமல் ஃபைலுக்குள் கிடந்துவிட்டு, கடைசியில் அவர் காலையே வந்து சுற்றியது.

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துக்கு இரண்டு தெரு தள்ளி நிற்கும் நான்கு மாடிக் கட்டடம் அது. எட்டு வீடுகள். கீழே தூண்களுக்கு நடுவே வண்டி நிறுத்தும் இடம். அந்த எட்டு வீட்டுச் சங்கத்துக்குச் செயலாளர் கோதண்டம். முப்பத்தைந்து வருடம் விசைப்படகு ஓட்டிவிட்டு ஓய்வெடுத்தவர். வேறு யாரும் கை தூக்காததால்தான் செயலாளர் பதவி அவருக்கு வந்தது என்பது மற்ற ஏழு வீட்டுக்கும் தெரியும். அவர் மட்டும் தேர்தலில் நின்று ஜெயித்தவர்போல நடந்துகொண்டார். சொந்தச் செலவில் ரப்பர் ஸ்டாம்ப் செய்து வைத்திருந்தார். பால்காரருக்கு எழுதும் துண்டுச் சீட்டிலும் அதைக் குத்துவார்.

சட்டம் வந்த கதை இதுதான். மூன்றாம் மாடி பீம்ராவ், எண்ணூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர். வியாசர்பாடி குடியிருப்பில் பிறந்து வளர்ந்து, கடன் போட்டு இங்கே வீடு வாங்கி வந்தவர். ஒரு மின்சார ஸ்கூட்டர் வாங்கினார். கீழே, தன் செலவிலேயே, ஒரு பிளக் பாயின்ட் போட்டுக்கொள்ளட்டுமா என்று சங்கத்தில் கேட்டார். செயலாளருக்குப் பேச ஒரு விஷயம் கிடைத்துவிட்டது. அவசரக் கூட்டம் கூட்டினார்.

“கடல்ல முப்பத்தஞ்சு வருசம் இஞ்சின் ஓட்னவன் சொல்றேன்,” என்று ஆரம்பித்தார். “டீசல் பத்திகினா கண்ணுக்குத் தெரியும். கரண்டு கண்ணுக்குத் தெரியாது. மய பேஞ்சா கீய மொயங்கால் தண்ணி நிக்கிது. அதுல போய் ஒயரு இய்க்கலாமா?”

இதுவரை நியாயம்தான். அத்தோடு உட்கார்ந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. கூட்டம் தலையாட்டியதைப் பார்த்ததும் அவருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

“அந்தப் பேட்டரி கயட்ற டைப்புதானே. தெனம் மூணு மாடி தூக்கினு போய் வூட்ல சார்ஜு போட்டுக்கோ பீம்ராவு. ஒடம்புக்கு நல்லது, தொப்ப கொறையும்.”

எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சூட்டோடு சட்டமும் எழுதப்பட்டது. பொது இடத்தில் எது மாட்டுவதானாலும் எட்டு வீட்டாரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் மறுத்தாலும் அனுமதி கிடையாது. கீழே ஸ்டாம்ப்.

அன்று சாயங்காலத்திலிருந்து பீம்ராவ் பேட்டரியைக் கழற்றி, கைப்பிடியைப் பிடித்துத் தொங்கவிட்டுக்கொண்டு மூன்று மாடி ஏறினார். காலையில் திரும்ப இறக்கினார். பதினான்கு மாதமாக இதுதான் நடந்தது. முதல் மாடியில் தன் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் கோதண்டத்தின் கண் முன்னால்தான் அந்தப் பேட்டரி தினமும் போய் வந்தது. முதலில் வேடிக்கையாகப் பார்த்தார். பிறகு பார்ப்பதையே விட்டுவிட்டார்.

இந்த நிலைமையில்தான் அவருடைய ஒரே மகள் மோகனப்ரியா கார் வாங்கக் கிளம்பினாள். காட்டுப்பள்ளி கப்பல் கட்டும் தளத்தில் வெல்டிங் சரியாக இருக்கிறதா என்று சோதிக்கும் வேலை அவளுக்கு. புருஷன் வெற்றிக்கு மீஞ்சூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. அப்பா வீட்டுக்கு எதிர் வீட்டிலேயே இருவரும் வாடகைக்கு இருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வஞ்சிர வறுவலைத் தட்டில் வைத்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள்.

“நைனா, கரண்டு காரு புக் பண்ணிக்கீறோம். மூணு வாரத்துல வந்துடும். கீய சார்ஜர் மாட்டணும். முடியலன்னா மீஞ்சூர்ல ஒரு வூடு பாத்து வச்சிக்கீறோம். அங்க ஓனரே சார்ஜர் போட்டுக்கீறாரு. எனக்கு வேலைக்கும் கிட்ட. இன்னா சொல்ற?”

காலையில் எதிர் வீட்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் கோதண்டத்துக்குப் பொழுது விடிந்த மாதிரி. அந்தக் கதவைத் திறந்துகொண்டு வேறு யாரோ வருவதை நினைத்ததும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. மகள் போகக் கூடாது. அது மட்டும்தான் மனசில் இருந்தது. வாயிலிருந்து வந்தது வேறு.

“உன் இஷ்டம்மா,” என்றார்.

அவர் மனைவி அங்கம்மா நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்து ராயபுரத்தில் விற்கிறவள். ஐம்பது பேர் கத்தும் இடத்தில் தனக்கு வேண்டியதைக் கேட்டு வாங்கி வருகிறவளுக்கு, தனக்கென்று கேட்கும்போது மட்டும் வாயில்லாப் பூச்சியாகிவிடும் ஆளைக் கட்டிக்கொண்டோமே என்ற வருத்தம் முப்பத்தெட்டு வருடமாக உண்டு.

மறுநாள் சார்ஜர் கம்பெனியிலிருந்து ஜஹாங்கீர் வந்தார். கீழே மீட்டர் பெட்டிப் பக்கம் சுவரைத் தட்டிப் பார்த்து, டேப் பிடித்து அளந்து, பென்சிலால் ஒரு கட்டம் போட்டார்.

“தண்ணி ஏறுற ஒசரத்துக்கு மேல மாட்டிடலாம் சார். ஒயரு பூரா பைப்புக்குள்ள வந்துடும். எர்த்துக்குத் தனியா குழி தோண்டிப் போடுவோம். கரண்டு எங்கனா கசிஞ்சா பிரேக்கர் தானா வுயுந்துடும். பேஜாரே இல்ல.”

பதினான்கு மாதத்துக்கு முன் கூட்டத்தில் முழங்கியதற்கெல்லாம் அரை நிமிடத்தில் பதில் வந்துவிட்டது. கோதண்டம் தாடையைத் தடவிக்கொண்டார்.

“அசோசியேசன் லெட்டர் ஒண்ணு வேணும்,” என்றார் ஜஹாங்கீர். “இங்க எதுனா ரூல்ஸ் கீதா சார்?”

“கீது. எட்டு வூடும் கையெய்த்து போடணும். ஒர்த்தன் மாட்டேன்னாலும் கெடையாது.”

“எட்டு வூடுமா? யாரு சார் இப்டி ஒரு ரூல்ஸ போட்டது?”

“அது ஒரு பயய ரூல்ஸு,” என்று சொல்லிவிட்டு, கோதண்டம் தெருவில் போன ஒரு மீன் வண்டியை ரொம்ப அக்கறையாகப் பார்த்தார்.

மோகனப்ரியா கடிதம் எழுதினாள். இரண்டே நாளில் ஆறு வீட்டுக் கையெழுத்தையும் வாங்கிவிட்டாள். கோதண்டம் போட்டால் ஏழு. மிச்சம் மூன்றாம் மாடி. அவள் கடிதத்தோடு படியேறப் போனபோது கோதண்டம் மறித்தார்.

“பீம்ராவு கிட்ட நீ போவாத. லெட்டர எங்கிட்ட குடு, அவன நா பாத்துக்கறேன்.”

“அப்டின்னா நாங்க இங்கியே இருக்கறதுன்னு வச்சிக்கலாமா நைனா?”

“அது உன் இஷ்டம்மா.”

அங்கம்மா அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போதே பிடித்துக்கொண்டாள். “நாலு படி ஏறி, வாயத் தொறந்து, தப்புதான்பா, கையெய்த்து போடுன்னு கேளுயா. முடிஞ்சி போச்சி.”

“உனுக்குத் தெரியாது. அதுக்கெல்லாம் ஒரு மொற கீது,” என்றார் கோதண்டம்.

முறை இருந்தது உண்மைதான். அவர் ஓட்டிய படகின் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கடலில் சண்டை வரும். ஒருவன் இன்னொருவனைப் பேசக் கூடாததைப் பேசிவிடுவான். பேசியவன் வாய் திறந்து மன்னிப்புக் கேட்கிற பேச்சே கிடையாது. கரைக்கு வந்ததும், பேச்சு வாங்கியவனின் மீன் பெட்டியைப் பேசாமல் போய்த் தூக்குவான். அவன் தடுக்காமல் விட்டால் சண்டை தீர்ந்தது. தடுத்தால் தீரவில்லை, நாளைக்கு மறுபடி தூக்க வேண்டும். கோதண்டம் இப்படி எத்தனையோ சண்டையைத் தீர்த்திருக்கிறார். மன்னிப்புக்கு வேறு வழி இருப்பதாக அவருக்குத் தோன்றியதே இல்லை.

எனவே அடுத்த செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்கு அவர் கீழே போய் நின்றார். பீம்ராவ் வந்து ஸ்கூட்டரை நிறுத்தினார். சீட்டைத் தூக்கினார். பேட்டரியைக் கழற்றினார். கோதண்டம் ஒன்றும் சொல்லாமல் அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு படியேறத் தொடங்கினார்.

ஐஸ் போட்ட மீன் பெட்டி தூக்கிய கைக்கு இதெல்லாம் ஒரு கனமா என்றுதான் நினைத்தார். முதல் மாடி வரை அந்த நினைப்பு சரியாகவே இருந்தது. இரண்டாம் மாடித் திருப்பத்தில், ஜன்னல் கம்பி துருப்பிடித்திருக்கிறதா என்று சோதிப்பதுபோல் கொஞ்ச நேரம் நின்றார். மூன்றாம் மாடியில் பீம்ராவின் மனைவி யசோதரா கதவைத் திறந்து, பேட்டரியையும் அதைத் தூக்கி நிற்கும் செயலாளரையும் மாறி மாறிப் பார்த்தாள். கோதண்டம் வாசலில் வைத்துவிட்டு, தலையை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு இறங்கினார். பீம்ராவ் தடுக்கவில்லை. அப்படியானால் தீர்ந்தது. கையெழுத்து நாளைக்குத் தானாக வீடு தேடி வரும்.

வரவில்லை. பதினான்கு மாதத் தப்புக்கு ஒரு நாள் தூக்கினால் போதுமா என்று கோதண்டம் தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டு புதன்கிழமையும் தூக்கினார். வியாழக்கிழமையும் தூக்கினார். ஐந்தாம் நாள் இடுப்பில் தைலம் ஏறியது. ஏழாம் நாள் இரண்டாம் மாடி ஜன்னல் கம்பியை ரொம்ப நேரம் சோதித்தார். பீம்ராவ் தினமும் மூன்று படி பின்னால், கையை வீசிக்கொண்டு, முகத்தில் எதையும் காட்டாமல் ஏறி வந்தார். வழியெல்லாம் ஒரு வார்த்தை கிடையாது. இரண்டு பேரும் சேர்ந்து ஏதோ வேண்டுதல் நிறைவேற்றுகிறார்கள் என்று நாலாம் மாடியில் பேசிக்கொண்டார்கள்.

“கையெய்த்து வந்துச்சா?” என்று அங்கம்மா தைலம் தேய்த்துக்கொண்டே கேட்பாள்.

“வரும்.”

“கையெய்த்து வர்றதுக்குள்ள உனக்கு மூலக்கொத்தளம் சுடுகாட்டுல எடம் பாக்க வேண்டியதுதான்.”

ஒன்பதாம் நாள் காலையில் மோகனப்ரியா வந்து நின்றாள். கார் திங்கட்கிழமை வருகிறது. மீஞ்சூர் வீட்டுக்காரர் நாளைக்குள் முடிவு கேட்கிறார். “இன்னா நைனா பண்ணலாம்?” என்றாள். கோதண்டம் மூன்றாவது முறையாக “உன் இஷ்டம்மா” என்று சொல்லிவிட்டு, சாயங்காலம் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவள் வேலைக்குக் கிளம்பிப் போனாள்.

பத்தாம் நாள் மூன்றாம் மாடி வாசலில் பேட்டரியை வைத்துவிட்டுத் திரும்பிய கோதண்டத்தை பீம்ராவ் நிறுத்தினார்.

“உள்ள வாங்க செகரெட்டரி சார்.”

கோதண்டத்துக்கு மனசு குளிர்ந்தது. வழக்கம் வேலை செய்துவிட்டது என்று நினைத்தார். பீம்ராவ் அவரை நாற்காலியில் உட்கார வைத்து, அலமாரியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து மடியில் வைத்தார்.

“இதுல எல்லாம் கீது. பேட்டரி பில்லு, கம்பெனி சர்டிபிகேட்டு, எல்லாம். எட பதினோரு கிலோ நூறு கிராம். நீங்க தெனம் தூக்கித் தூக்கிப் பாக்க வேண்டியதில்ல.”

“நா எதுக்குப்பா எட பாக்கறேன்?”

“மாடிப்படில இத்தினி கிலோவுக்கு மேல தூக்கினு போவக் கூடாதுன்னு அடுத்த ரூல்ஸு போடப் போறீங்க. அதுக்குத்தானே பத்து நாளா இன்ஸ்பெக்சன் பண்ணினு கீறீங்க?”

பத்து நாள். முப்பது மாடி. அவ்வளவு தைலம். “இன்ஸ்பெக்சன் இல்லப்பா,” என்றார் கோதண்டம் மெல்ல. “நா உன்கிட்ட மன்னிப்பு கேட்டுகினு கீறேன்.”

“எப்போ?”

“பத்து நாளா.”

சமையலறையில் யசோதரா கரண்டியைக் கீழே போடும் சத்தம் கேட்டது. கோதண்டம் படகு வழக்கத்தைத் தட்டுத்தடுமாறி விளக்கினார். பீம்ராவ் சிரிக்கவில்லை. முழுசாகக் கேட்டுவிட்டு, ‘சார்’ போட்டுப் பேசியதை நிறுத்தினார்.

“உங்க படகு ஆளுங்களுக்கு அது புரியும். நா எந்தப் படகுல ஏறினேன்? எங்க வூட்ல தப்பு பண்ணா வாயால சொல்லுவாங்க. எதுனா வேணும்னா வாயால கேப்பாங்க. லெட்டர எடுத்துகினு உன் பொண்ணு மத்த வூட்டுக் கதவெல்லாம் தட்டினா. எங்க வூட்டுக் கதவ மட்டும் யாரும் தட்டல. நா இன்னான்னு நெனச்சிக்கறது?”

கோதண்டம் தலை குனிந்தார்.

“அன்னிக்கு ஒடம்புக்கு நல்லதுன்னு நீ சொன்னப்போ எம் பொண்ணு எழில்மொழி பின்னால நின்னுகினு இருந்தா. எல்லாரும் சிரிச்சாங்க, அவ சிரிக்கல. மேல வந்து, இனிமே நா தூக்கறேன்பான்னா. வேணாம்மா, ஒடம்புக்கு நல்லதுதான்னு நானே அவகிட்ட சொன்னேன். அத்த என் வாயால சொல்றதுக்கு எப்டி இருந்துச்சின்னு தெரியுமா?”

தெரிந்தது. பெண்ணைப் பெற்றவர்தானே அவரும். தன் மகள் முன்னால் யாராவது தன்னை வைத்து அப்படிச் சிரித்திருந்தால் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்தார். காது வரைக்கும் சுட்டது. வெட்கமாக இருந்தது; இடுப்பு வலியைவிட அது பெரிதாக இருந்தது.

“தப்பு பண்ட்டேன் பீம்ராவு,” என்றார். “நாலு பேரு சிரிக்கணும்னு உன்ன வச்சிப் பேசிட்டேன். பேசியிருக்கக் கூடாது.” சொல்லிவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டார். படியேறியதில் வாங்காத மூச்சு அது. “எம் பொண்ணு காருக்குக் கீய சார்ஜர் மாட்டணும். உன் கையெய்த்து இல்லாம நடக்காது. மாட்டலன்னா அவ மீஞ்சூருக்குப் போய்டுவா. குடுப்பியா? உன் ஸ்கூட்டருக்கும் அங்கியே ஒரு பாயின்ட் போட்டுடலாம். மொதல்ல உன்து, அப்பால காரு.”

அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டிய கடிதத்தை பீம்ராவ் வாங்கினார். யார்டில் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடாத மனிதர். இரண்டு தடவை படித்தார். ஸ்கூட்டர் பாயின்ட் விஷயத்தையும் தன் கையாலேயே கீழே ஒரு வரி எழுதிச் சேர்த்தார். கையெழுத்துப் போட்டார்.

“அவ்ளோதான் செகரெட்டரி. கேட்டா குடுக்கப் போறேன். இதுக்குப் போய்...” என்று கோதண்டத்தின் இடுப்பைப் பார்த்தார். அப்போதுதான் பீம்ராவுக்குச் சிரிப்பு வந்தது. யசோதரா டீ கொண்டுவந்து வைத்தாள்; அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

கோதண்டம் இறங்கி வந்து, கடிதத்தில் தன் கையெழுத்தையும் போட்டு ஸ்டாம்பை இரண்டு முறை குத்தி, எதிர் வீட்டுக்குப் போனார். மோகனப்ரியா வேலைக்குப் போடும் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவர் நீட்டிய காகிதத்தைப் படித்தாள். அவர் எதிர்பார்த்த சந்தோஷம் அந்த முகத்தில் வரவில்லை.

“தாங்க்ஸ் நைனா,” என்றாள். “ஆனா எங்களுக்கு இன்னும் ரோசனையாத்தான் கீது. மீஞ்சூர்காரரு இப்பக்கூட போன் பண்ணாரு. வெற்றிக்கு இஸ்கூலு அங்கியே. எனக்கு இருவது நிமிசம். இங்கேர்ந்து போனா அந்த லாரிங்க நடுவுல ஒன்றர மணி நேரம்.”

“அப்போ சார்ஜரு மாட்டினாலும் போய்டுவியா?”

“மூணு தபா உன்னக் கேட்டேன். மூணு தபாவும் உன் இஷ்டம்னே. நாங்க இங்க இருக்கறது உனக்கு ஒரு பொருட்டே இல்லியோன்னு தோணிடுச்சி நைனா.”

இந்தப் பெண்ணுக்காகத்தான் பத்து நாள் முதுகை உடைத்துக்கொண்டது. அது அவளுக்கு எப்படித் தெரியும்? யார் சொன்னது அவளிடம்? நாலாவது ‘உன் இஷ்டம்மா’ வழக்கம்போலத் தொண்டை வரை வந்துவிட்டது. கோதண்டம் அதைக் கஷ்டப்பட்டு விழுங்கினார்.

“போவாத பாப்பா,” என்றார். “நீ போய்ட்டா காலைல எய்ந்து நா யார் மூஞ்சில முய்ப்பேன்? உங்கம்மா மூஞ்சில முப்பத்தெட்டு வருசமா முய்க்கறேன், அது வேற. எனக்கு நீ இங்க இருக்கணும். ஒன்றர மணி நேரம் கஷ்டம்தான், தெரிஞ்சிதான் கேக்கறேன். நீ இல்லாட்டி எனக்கு இந்த வூட்ல ஒண்ணுமே ஓடாது.”

இஸ்திரிப் பெட்டியின் ஸ்விட்சை அவள் அணைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளச் சட்டைக் கையே போதுமாக இருந்தது. மறுபடி அதை இஸ்திரி போட வேண்டிவரும், அது வேறு விஷயம். உள்ளே இருந்த வெற்றியை எட்டிப் பார்த்தாள். அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான். சரி என்று தலையாட்டினான். அவள் செல்போனை எடுத்தாள்.

“அண்ணே, அந்த வூடு வேணாம்ண்ணே. இல்லல்ல, வூடு சோக்காத்தான் கீது, வாடகையும் பிரச்சன இல்ல. எங்க நைனாதான் வுட மாட்டேன்றாரு.”

கோதண்டத்தின் மேல் இப்படி ஒரு புகாரை அதுவரை யாரும் சொன்னதில்லை. அவர் அதை மறுக்கவில்லை.